ஓரணா டிபன் கண்காட்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 1920 முதல் 1925 வரை போட்ட மதிய உணவைப் பற்றி முன்னாள் மாணவர்கள் நாங்கள் வைத்த கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. உதவியவர்கள் யாரும் பெயரைப் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். சரி, ஆளை விட்டுவிட்டுக் காரியத்தை மட்டும் சொல்கிறேன்.

முதல் நன்றி, பழைய மாநகராட்சி மன்றப் பதிவுகளைத் தேடி எடுத்துத் தந்த நூலக ஊழியருக்கு. தொட்டால் உதிர்கிற தாள். அடியில் அட்டையைச் செருகி ஒவ்வொரு பக்கத்தையும் அவரே புரட்டிக் காட்டினார். ஆயிரம்விளக்குப் பள்ளியில் டிபன் கொடுக்க 1920 செப்டம்பர் 16 அன்று மன்றம் ஒப்புக்கொண்டது. தலைவர் பிட்டி தியாகராயர். பிள்ளைகள் ஏழைகள், அதனால்தான் பள்ளியில் எண்ணிக்கை தேறவில்லை என்பது அவர் வாதம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. பிறகு வேறு சில பள்ளிகளுக்கும் போனது.

அப்புறம் எங்கள் ஊர்ச் சத்துணவு அமைப்பாளர் அக்கா. பலகைகளைச் சரிபார்க்கக் கூப்பிட்டோம். தியாகராயர் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "அணா கிடக்கட்டும் சார், எந்தக் கணக்குத் தலைப்புல எழுதினாங்க?" என்று கேட்டார். தினமும் ரசீது எழுதுகிறவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். விஷயமே அதில்தான் இருக்கிறது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சாப்பாட்டுக்குச் செலவழிக்க ஆங்கிலேய அரசு அனுமதி மறுத்ததால் 1925 ஏப்ரல் 1 முதல் டிபன் நின்றது. அந்தப் பள்ளிகளில் 1922-23இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1671 ஆகியிருந்தது. பிள்ளைகள் வராமல் நின்ற திட்டம் இல்லை, வந்தபிறகு நிறுத்தியது! தியாகராயரும் அதே ஆண்டு காலமானார். காமராசருக்கும் எம்.ஜி.ஆருக்கும் முந்திய இந்தக் கதையில் எனக்கு ஆறாத இடம் இதுதான். அக்காவின் கேள்வியைத் தலைப்பாகப் போட்டு, இரண்டு எண்களையும் கீழே எழுதி, முதல் பலகையாக வாசலிலேயே வைத்தோம்.

பிளெக்ஸ் கடைத் தம்பி பாதிக் காசுதான் வாங்கினார். பெஞ்சு தந்த டீக்கடை அண்ணனுக்கும், எழுத்துப்பிழை பார்த்த தமிழாசிரியருக்கும் நன்றி.

பலகைகள் பத்திரமாக இருக்கின்றன. எந்தப் பள்ளி கேட்டாலும் தருகிறோம். வண்டிச் செலவை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

அன்புடன்,
கண்காட்சிக் குழுவுக்காக