அப்பாவைக் கட்டுத்தரை வரை கூட்டிப் போ

கிளாஸ்கோ, மார்கழி

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சொல்லச் சொல்ல நங்கை எழுதிய கடிதமும் கொள்ளுப்பொடியும் சின்ன மாமா பையன் கையில் பத்திரமாக வந்து சேர்ந்தன. நான் நன்றாக இருக்கிறேன். இங்கே நாலு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடுகிறது, ராத்திரி வரைக்கும் நூலகத்தில்தான் இருப்பேன், அங்கே கதகதப்பாக இருக்கும். மதியம் அவ்வளவாகப் பசிப்பதில்லை, ராத்திரி ஒருவேளை ஆக்கினால் போதும். அரிசியும் பருப்பும் சாதம் செய்தாலும் நம் வீட்டு மணம் வருவதில்லை, ஊத்துக்குளி வெண்ணெய் உருக்கிய நெய்க்கு நான் எங்கே போவேன்? எதிர் வீட்டுப் பாட்டி, யார் முறை என்றே பார்க்காமல், தினமும் மாடிப்படியைக் கழுவிவிட்டு, "அம்மா கடிதம் போட்டாளா?" என்று கேட்பார். இந்தத் தடவை ஆமாம் என்றேன்.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாயே, அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பெரியப்பா போனதிலிருந்து தோட்டத்துப் பக்கமே போவதில்லை, தண்ணி முறை வந்தாலும் எழுவதில்லை, சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறார் என்று. மனசு சரியானால் தானாகப் போவார் என்று மாமா சொன்னாராம். நான் ஆராய்ச்சி செய்வதே இதைத்தான் அம்மா, அதனால் சொல்கிறேன், அப்படிக் காத்திருக்கக் கூடாது. பிடித்த வேலைகளை விட விட மனச்சோர்வு கூடும், சோர்வு கூடக் கூட வேலை இன்னும் விட்டுப்போகும். 1970களிலேயே பீட்டர் லூயின்சோன் என்ற உளவியலாளர் இதை எழுதினார். அதனால் முதலில் சின்னதாக ஒரு வேலை, மனசு அப்புறம் வரும். இதற்குப் பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்று பெயர். கோவாவில் விக்ரம் படேல் என்ற மனநல டாக்டரின் குழு, மனநலம் படிக்காத உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு நோயாளிகளிடம் இந்த முறையில் ஆறு முதல் எட்டுத் தடவை பேசவைத்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களில் அதிகம் பேர் தேறினார்கள் என்று 2017ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. அப்படியென்றால் நம் வீட்டிலும் முடியும்தானே!

நான் வெளிநாட்டு மாணவர்களிடம் மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வித் தாள் கொடுக்கிறேன், மொத்தம் 27 மதிப்பெண். ஒன்பதாவது கேள்வி, செத்தால் தேவலை என்று தோன்றுகிறதா என்பது. யாராவது ஆமாம் என்று குறித்தால் அன்றைக்கே என் பேராசிரியரிடம் சொல்லியாக வேண்டும். அப்பா அப்படி ஏதாவது வாய்விட்டுச் சொன்னாரா? நேராகவே கேள், கேட்பதால் கெடுதல் வராது. சொன்னார் என்றால் ஒரு நாளும் தள்ளாதே, பெருந்துறை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அண்ணன் கூட்டிப்போகட்டும். ராத்திரியென்றால் அரசு மனநல உதவி எண் 14416க்குக் கூப்பிடு, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும் ஒருதரம் டாக்டரிடம் காட்டிவிடுங்கள், இங்கிருந்து நான் எதையும் முடிவாகச் சொல்லக் கூடாது.

அதுவரைக்கும், தோட்டம் முழுக்க வேண்டாம். காலையில் கட்டுத்தரை வரை கூட்டிப் போய்ச் செவலை மாட்டுக்குத் தண்ணி காட்டச் சொல். அது பழகினதும் வாய்க்கால் மேடு. புத்திமதி வேண்டாம், "சும்மா வாங்க" என்றால் போதும். போய்வந்த பிறகு மனசு எப்படி இருந்தது என்று கேட்டு நங்கை ஒரு நோட்டில் குறிக்கட்டும்.

எனக்கே அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டும் போல இருக்கிறது அம்மா. கட்டுத்தரைச் சாணி மணம் கூட இங்கே ஏங்க வைக்கிறது.

சரி, பாப்பாவுக்குக் காதுகுத்து தை கடைசியில்தானே? மாமன் சீரில் குறை பேச வேண்டாம் என்று அத்தையிடம் இப்போதே சொல்லிவை. என் பங்கு மாசியில்தான் வரும், இங்கே வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்க விடுவார்கள். நீங்கள் எதுவும் அனுப்ப வேண்டாம். கிணற்றுப் பங்கு விஷயத்தில் பெரியம்மா அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். அப்புறம், மஞ்சள் வெட்டுக்கு ஆள் பேசும்போது அப்பாவையும் பக்கத்தில் உட்கார வை, கூலியை அவரே பேசட்டும்.

உன் மகள்