ஒத்து வராத கேஸ் பத்தி கேட்டியே

கண்ணா,

புத்தகத்துல இருக்கற மாதிரி இல்லாத பேஷன்ட் வந்தா நீ என்னம்மா பண்ணுவன்னு கேட்டுட்டு, பதில் சொல்றதுக்குள்ள உன் ரெட்டை நட்சத்திரம் ஒண்ண ஒண்ணு மறைக்கற கிரகணம் கணக்குப் போட்ட நேரத்துக்கு வராம லேட்டா வருதுன்னு புலம்ப ஆரம்பிச்சுட்ட. போன்ல சொன்னா நடுவுல பூந்து பேசுவ, அதான் டைப் பண்றேன், பொறுமையா படி.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ, ஒத்து வராத பேஷன்ட் ஒண்ணும் அபூர்வம் இல்லடா. ஹார்ட் அட்டாக்னா நெஞ்சப் புடிச்சுகிட்டு விழணும்னு எல்லாரும் நினைக்கறாங்க, ஆனா ரொம்ப வருஷமா சுகர் இருந்து நரம்பு கெட்டுப் போனவங்களுக்கு வலியே தெரியாம போகலாம், வெறும் மூச்சு வாங்கும், இல்ல வாந்தி, இல்ல ஒரே அசதின்னு நடந்தே வருவாங்க. வயசானவங்களுக்கு நிமோனியா வந்தா சில சமயம் காய்ச்சலே இருக்காது, திடீர்னு ஆளு குழம்பிப் போய் சம்பந்தமில்லாம பேசறது மட்டும்தான் இருக்கும். சின்னப் பசங்களுக்கு நுரையீரல் அடிப்பக்கம் நிமோனியான்னா வயிறு வலிக்குதுன்னு அழும், நாம அப்பெண்டிக்ஸ தேடிகிட்டு இருப்போம்.

ஒரு அம்மா ஞாபகம் இருக்காங்க, எழுபது தாண்டினவங்க. சாப்பிடல, பேசல, எடை இறங்கிகிட்டே போகுதுன்னு மக கூட்டிட்டு வந்தா, ஏற்கனவே வேற ஒருத்தர் டிப்ரஷன்னு மாத்திரை எழுதிட்டார். கல்லு மாதிரி உக்காந்திருந்தாங்க, கேட்ட கேள்விக்குக் கண்ணத் தூக்கிக் கூட பாக்கல, நானும் டிப்ரஷன்னே எழுதியிருப்பேன், ஆனா மணிக்கட்டப் புடிச்சேன், நாடி தாறுமாறா ஓடுது, ரெண்டு துடிப்புக்கு நடுவுல இருக்கற இடைவெளி ஒண்ணு கூட ஒண்ணோட ஒத்துப் போகல. டிப்ரஷன் நாடிய இப்படிப் பண்ணாது. ரத்தத்துல பாத்தா தைராய்டு எக்கச்சக்கமா சுரக்குது. தைராய்டு ஏறினா ஆளு பரபரன்னு இருக்கணும், கை நடுங்கணும், வேர்க்கணும், இவங்ககிட்ட எதுவுமே இல்ல. வயசானவங்கள்ல இப்படி அமுங்கிப் போய் வரும்னு ஃப்ராங்க் லேஹின்னு ஒரு அமெரிக்க சர்ஜன் 1931லயே எழுதி வெச்சிருக்கார்.

நீ கேட்டதுக்கு பதில் என்னன்னா, பேஷன்ட் ஒத்து வரலன்னா நான் மொதல்ல ரிப்போர்ட்டத்தான் சந்தேகப்படுவேன். பொட்டாசியம் 6.8னு ஆபத்தான அளவுல வருது, ஆளு ஜம்முனு இருக்காரு, ஈசிஜியும் நார்மல், அப்ப மறுபடி ரத்தம் எடுன்னுதான் சொல்லுவேன், ஏன்னா ஊசில இழுக்கும்போது செல்லு உடைஞ்சாலே உள்ள இருக்கற பொட்டாசியம் வெளிய கொட்டிடும். நீதான் அந்த கேஐசி 9832227 கதைய சொன்ன. ஒண்ண ஒண்ணு ஒட்டி சுத்தற ரெண்டு நட்சத்திரம், ஒரு சுத்துக்கு ஆகற நேரம் குறைஞ்சுகிட்டே வருது, 2022 வாக்குல மோதி வெடிக்கும்னு 2017ல லாரி மோல்னர் குழு சொல்லி பேப்பர் எல்லாம் அல்லோலகல்லோலம். அடுத்த வருஷமே பாத்தா 1999 டேட்டாவோட நேரம் சரியா 12 மணி நேரம் தப்பா அச்சாகியிருக்கு. ஒரு சுத்துக்கு கிட்டத்தட்ட 11 மணி நேரம் ஆகறதால அந்த 12 மணி தப்பு வெறும் ஒரு மணி வித்தியாசமா வேஷம் போட்டுடுச்சு, யாருக்கும் உறைக்கல. நம்பினவங்களையும் குறை சொல்ல முடியாது, வி1309 ஸ்கார்பின்னு இன்னொரு ஜோடி 2008ல வெடிச்சதுக்கு முன்னாடி அதோட சுத்து நேரம் நிஜமாவே குறைஞ்சுகிட்டு வந்துச்சே.

ரிப்போர்ட் சரின்னா அடுத்து உள்ள இன்னொருத்தர் இருக்காரான்னு பாப்பேன். எல்லாத்தையும் ஒரே நோய்ல அடக்கப் பாக்கறதுதான் எங்க பழக்கம், ஆனா பேஷன்ட் இஷ்டத்துக்கு எத்தன நோய் வேணாலும் வெச்சுக்கலாம்னு ஜான் ஹிக்கம்னு ஒரு டாக்டர் சொன்னதா சொல்லுவாங்க. உன் கேஸ்லயும் கண்ணுக்குத் தெரியாத மூணாவது நட்சத்திரம் ஒண்ணு இழுத்துகிட்டு இருந்தா, ஜோடி நம்மள விட்டுத் தள்ளி இருக்கும்போது வெளிச்சம் வந்து சேர நேரமாகி கிரகணம் லேட்டாத் தெரியும், கிட்ட இருக்கும்போது சீக்கிரமாத் தெரியும், ஜோடிக்கு ஒரு கேடும் இருக்காது.

பெரிய சந்தேகமெல்லாம் இதுக்கப்புறம்தான். டிஐ ஹெர்க்குலிஸ்ங்கற ஜோடில நீள்வட்டப் பாதை திரும்பற வேகம் கணக்குக்கு ஒத்து வரலன்னு பல வருஷம் ஐன்ஸ்டீன் கணக்கையே சந்தேகப்பட்டாங்க, கடைசில 2009ல சைமன் ஆல்பிரெக்ட் குழு பாத்தா ரெண்டு நட்சத்திரமும் பக்கவாட்டுல சாஞ்சு படுத்துகிட்டு சுழலுது. நேராத்தான் சுழலும்னு எல்லாரும் எடுத்துகிட்டாங்க, மணிக்கட்ட யாரும் புடிச்சுப் பாக்கல, அவ்வளவுதான்.

ஒண்ணுல மட்டும் உன்மேல எனக்குப் பொறாமை. ஹல்ஸும் டெய்லரும் 1974ல கண்டுபிடிச்ச பல்சர் ஜோடில (பல்சர்னா கடிகாரம் மாதிரி துடிக்கற செத்த நட்சத்திரம்) சுத்து நேரம் வருஷத்துக்கு 76 மைக்ரோசெகண்ட்தான் குறையுது, டெய்லரும் கூட இருந்தவங்களும் வருஷக்கணக்கா அளந்து அதுலேர்ந்தே ஈர்ப்பு அலை ஆற்றலக் கொண்டு போகுதுன்னு காட்டினாங்க, ஜோடியக் கண்டுபிடிச்ச ரெண்டு பேரும் 1993ல நோபல் வாங்கினாங்க. காத்திருந்து பாக்கலாம்ங்கறதே உங்களுக்கு ஒரு டெஸ்ட். எனக்கு சாதாரண காய்ச்சல்னா அது நடக்கும், ஹார்ட் அட்டாக்ல நடக்காது. அதனால பதறாத, உன் ஜோடி எமர்ஜென்சி இல்ல.

இப்ப நான் பேஷன்ட்டக் கேக்கற கேள்விய உன்னக் கேக்கறேன். திடீர்னு வந்துச்சா, கொஞ்சம் கொஞ்சமா ஏறுச்சா, வந்து வந்து போகுதா? நீ சொல்லிக் குடுத்ததுதான், பாத்த நேரத்துலேர்ந்து கணக்கு நேரத்தக் கழிச்சுப் புள்ளி வெச்சா, நேர்கோடா சாஞ்சா நீ வெச்ச காலமே கொஞ்சம் தப்பு, வளைஞ்சு போனா ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குப் பொருள் கொட்டுதோ என்னவோ, அலை அடிச்சா மூணாவது ஆளோ காந்த சமாச்சாரமோ. ஆனா நீ அனுப்பின படத்துல இது எதுவுமே எனக்குத் தெரியல, பழைய புள்ளியெல்லாம் ஒரு மட்டம், புதுசெல்லாம் ஒரு மட்டம், நடுவுல ஒரே குதி, அதுவும் ஒரு நிமிஷத்துக்கு சொச்சம். உலகக் கடிகார நேரமான யூடிசிக்கும், நீங்க கணக்குக்கு வெச்சுக்கற டிடிபி நேரத்துக்கும் 2017லேர்ந்து 69 செகண்ட் வித்தியாசம்னு சொன்னது நீதானே? பழைய டேட்டா இந்த ரெண்டுல எந்த நேரத்துல இருக்குன்னு மொதல்ல பாரு, உன் கைடுகிட்ட மூணாவது நட்சத்திரம்னு வாய விடறதுக்கு முன்னாடி. பாத்துட்டு எரர் பாரோட, அதான் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தப்பலாம்னு காட்டற கோட்டோட, படத்த மறுபடி அனுப்பு, போன தடவ அனுப்பினதுல அதையும் காணோம்.

அம்மா