எவாஞ்சலியன் இரவுக்கு மூன்று காக்டெயில்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள யாழினிக்கு,

சிநேகிதர்களைக் கூப்பிட்டு உன் டோக்கியோ வீட்டில் எவாஞ்சலியன் என்கிற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்க்கப் போவதாகவும், அதற்குப் பொருத்தமான காக்டெயில் சொல்லும்படியும் எழுதியிருந்தாய். அளவோடு எழுதுகிறேன். முதலில் ஒன்று: ஷிஞ்சி, ரேய், அசுகா மூவரும் கதையில் 14 வயதுப் பிள்ளைகள். மதுவுக்கு அவர்கள் பெயரை வைக்காதே. அவர்கள் ஓட்டும் ராட்சத உருவங்களான ஏவா யூனிட்களின் பெயரை வை. வருகிறவர்களில் 20 வயது நிரம்பாதவர் இருந்தால் அவர்களுக்குத் தனியாக ஒன்று கடைசியில் சொல்கிறேன்.

இந்த மாதிரி பானங்களைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்துத்தான் பாட்டிலைத் தேடுகிறார்கள். குடித்துப் பார்த்தால் இருமல் மருந்து போல இருக்கும். கதையில் அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார். கிளாஸிலும் அது அதையே செய்ய வேண்டும்.

யூனிட் 01 ஊதாவும் பச்சையும். ஆனால் அதன் குணம் நிறமல்ல, அடங்கிக் கிடந்தது திடீரென்று வேறாக மாறுவது. அதற்குச் சங்குப்பூதான் சரி. நம் வேலியில் படரும் அதே பூதான். அதன் நீலச் சாயம் புளிப்பு பட்டதும் ஊதாவாகும். 200 மில்லி ஜின்னில் காய்ந்த பூ 10 முதல் 12 வரை போட்டு, ஒன்றிரண்டு மணி நேரத்தில் வடிகட்டிவிடு. இரவு முழுக்க ஊறவிட்டால் பச்சை அவரைக்காய் வாடை ஏறிவிடும். பாட்டிலை இருட்டில் வை, வெளிச்சம் பட்டால் நிறம் வெளுக்கும். ஜப்பானில் வீட்டில் மதுவில் எதையாவது ஊறவைப்பதென்றால் அந்த மது 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்று சட்டம் உண்டு, திராட்சையும் தானியமும் சேர்க்கக் கூடாது. ஜின்னில் ஆல்கஹால் அதைவிட மிக அதிகம் என்பதால் உனக்குச் சிக்கல் இல்லை. விற்க மட்டும் கூடாது.

ஒரு கிளாஸுக்கு அளவு: நீல ஜின் 45 மில்லி, குளிர்ந்த தண்ணீர் 35, சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் சேர்ந்த பாகு 10. மூன்றையும் கலந்து குளிரவை. உயரமான கிளாஸின் அடியில் மிடோரி 20 மில்லி ஊற்று. சன்டோரி கம்பெனியின் முலாம்பழ மது அது, நல்ல பச்சை. அதன் மேல் பொடித்த ஐஸை வாய்வரை நிரப்பு. பிறகு நீலக் கலவையை ஸ்பூனின் முதுகில் மெல்ல வழியவிடு. மிடோரியில் சர்க்கரை அதிகம் என்பதால் அது அடியிலேயே தங்கும். அவசரப்பட்டு ஊற்றினால் பச்சையும் நீலமும் கலந்து சேற்று நிறமாகிவிடும், அதை மீட்க வழியில்லை.

புளிப்பைச் சின்னக் குப்பியில் தனியாகக் கொடு. யூனிட் 01 கட்டுமீறும் காட்சி இரண்டாம் அத்தியாயத்திலேயே வருகிறது, அப்போது எல்லாரும் சேர்ந்து ஊற்றட்டும். எலுமிச்சைச் சாறு கலங்கலானது, ஊதாவை மங்கடித்துவிடும். 6 கிராம் சிட்ரிக் ஆசிட்டை 94 மில்லி தண்ணீரில் கரைத்தால் எலுமிச்சையின் புளிப்பு அப்படியே வரும், கண்ணாடி மாதிரி தெளிவாகவும் இருக்கும். ஆளுக்கு 15 மில்லி போதும். அதில் மணம் இருக்காது, அதனால் எலுமிச்சைத் தோலை ஒரு கீற்று கிளாஸின் மேல் முறுக்கிவிடு. இந்தக் குப்பியில் பாகு சேர்க்காதே. சேர்த்தால் கனம் கூடி நேராக அடிக்குப் போய்விடும், மேலே நீலம் நீலமாகவே நிற்கும். பக்கத்தில் ஜின்னோடு சேர்க்கும் டானிக் வாட்டர் பாட்டில் இருந்தாலும் தொடாதே. அதிலேயே புளிப்பு இருப்பதால் ஊற்றிய உடனே நிறம் மாறி, வைத்திருந்த ஆச்சரியம் வீணாகும். அறை விளக்கையும் கவனி. மஞ்சள் பல்புக்குக் கீழே ஊதா கறுத்துத்தான் தெரியும்.

அடுத்தது எல்சிஎல். ஏவாவை ஓட்டுகிறவர் உட்காரும் குழாய் அறையை நிரப்புகிற ஆரஞ்சுத் திரவம், அதில் ரத்த வாடை வீசுவதாகத் தொடரில் வரும். ஆரஞ்சு ஜூஸை ஊற்றினால் அது எல்சிஎல் ஆகாது, ஏனென்றால் இது ஊடுருவிப் பார்க்கக்கூடிய திரவம். ஜூஸைத் தெளியவைக்க வேண்டும். அதற்கு உன் ஊர் கான்டென் பொடி போதும், நம் கடற்பாசி அகர்தான். எஹிமே பக்கம் உவாஜிமாவில் விளையும் ரத்த ஆரஞ்சு கிடைத்தால் வாங்கு. வடிகட்டிய சாறு 500 மில்லியை அறைச் சூட்டில் வை. தனியாக 125 மில்லி தண்ணீரில் 1.2 கிராம் கான்டென் போட்டு, இரண்டு மூன்று நிமிடம் கொதிக்கவிடு. கடையில் விற்கும் 4 கிராம் பாக்கெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு இது, சின்னத் தராசு இல்லாமல் செய்யாதே. அடுப்பை அணைத்து, சாறைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கு. சாறு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததாக இருந்தால் அகர் உடனே கட்டி கட்டியாக உறைந்துவிடும். பிறகு பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து, அசைக்காமல் விடு. தளதளவென்று உறைந்ததும் முட்டை அடிப்பானால் பதமாக உடைத்து, மெல்லிய பருத்தித் துணியில் வடியவிடு. பொறுமை இழந்து பிழிந்தால் கலங்கலும் கூடவே வந்துவிடும். அகர் அதிகமானால் கெட்டியாக நின்று சாறையே விடாது.

சாதாரண ஆரஞ்சில் இதைச் செய்தால் நிறமும் சேர்ந்து போய்விடும். அதன் நிறம் சக்கையோடு ஒட்டியது, வெளிர் மஞ்சள்தான் மிஞ்சும். ரத்த ஆரஞ்சின் சிவப்பு தண்ணீரில் கரைவது, அதனால் தங்கும். எதுவானாலும் அபெரோல் என்கிற கசப்பும் இனிப்புமான இத்தாலிய ஆரஞ்சு நிற மதுவைச் சேர்த்தால் ஆரஞ்சு நிறம் திரும்பிவிடும். ஆளுக்கு: தெளிந்த சாறு 60 மில்லி, அபெரோல் 30, 25 சதவீத பார்லி ஷோச்சு (ஜப்பானிய வடிமது) 30, உப்புத் தண்ணீர் மூன்று சொட்டு. 20 கிராம் உப்பை 80 மில்லி தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள். அந்த மூன்று சொட்டுதான் இந்தப் பானத்தின் உயிர், விட்டுவிடாதே. ஐஸோடு கிளறு, குலுக்கினால் காற்றுக் குமிழி ஏறித் தெளிவு கெடும்.

யூனிட் 02 எளிது. சிவப்பு ஏவா, ஜெர்மனியிலிருந்து கப்பலில் வருவது. ஜெர்மானிய நுரை ஒயினான செக்ட் 90 மில்லி, கம்பாரி என்கிற சிவப்புக் கசப்பு மது 25, பம்ப்ளிமாஸ் சாறு 15. செக்ட் நன்றாகக் குளிர்ந்திருக்கட்டும், கடைசியில் சாய்த்து ஊற்றி ஒரே ஒரு முறை கிளறு. லேபிளில் ட்ரொக்கன் என்று போட்டதை எடு. நுரை ஒயினில் அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் இனிப்பு என்றுதான் அர்த்தம், கம்பாரியின் கசப்புக்கு அது வேண்டும்.

தொடரில் பீர் பிரியையாக வரும் மிசாத்தோவுக்காக எபிசு பீர் வாங்கி வை. எபிசு ஸ்டேஷனுக்கே அந்த பீரால்தான் பெயர் வந்தது. அதில் எதையும் கலக்காதே.

அளவு முக்கியம். யூனிட் 01 கிளாஸில் இருக்கும் ஆல்கஹால், எல்சிஎல் கிளாஸ் இரண்டுக்குச் சமம். ஆகவே அது ஆளுக்கு ஒன்றுதான், சாப்பாட்டோடு கொடு. மொத்தம் 26 அத்தியாயம் இருக்கிறது, ஒரே இரவில் ஓட்ட நினைக்காதே. காட்சிக்கு ஒரு மடக்கு என்கிற விளையாட்டும் வேண்டாம்மா.

குடிக்காதவர்களுக்கு: சங்குப்பூ பத்தை 200 மில்லி வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, ஆறியதும் ஜின்னும் தண்ணீரும் சேர்ந்த 80 மில்லிக்குப் பதில் இதை ஊற்று. மிடோரி இருந்த இடத்தில் முலாம்பழ சிரப். புளிப்புக் குப்பி அதேதான், அவர்களும் எல்லாரோடும் சேர்ந்து ஊற்றட்டும். சாறு தெளியவைப்பதையும் பூ ஊறவைப்பதையும் முந்தின நாளே முடித்துவிடு. பொடித்த ஐஸ் மட்டும் ஆட்கள் வந்தபிறகு.

அன்புடன்,
அப்பா