கையெழுத்துப் போடும் முன்

குடியாத்தம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல வருவதும் போவதுமாக இருக்கிறது. நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒன்று சொல்ல, நீ நடுவில் இன்னொன்று கேட்க, மாப்பிள்ளை பின்னாலிருந்து ஏதாவது சொல்ல, பேச்சு எங்கேயோ போய்விடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பேரனுக்குப் படித்துக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் அமெரிக்க ராணுவத்தின் மரைன் படையில் சேருவேன் என்று அவன் ஒற்றைக்காலில் நிற்கிறான், 17 வயது என்பதால் பெற்றவர்கள் சம்மதிக்காமல் முடியாது, கையெழுத்துப் போடலாமா என்று கேட்டாய். அதோடு விட்டிருந்தால் யோசித்துச் சொல்கிறேன் என்றிருப்பேன். கூடவே இன்னொன்றும் சொன்னாய். "அவன் ரூம் சுவரில் ஒட்டியிருக்கிற மல்யுத்தக்காரர் ரேண்டி ஆர்ட்டனே மரைனிலிருந்து துரத்தப்பட்டவர்தானாம்பா. அப்புறம் கோடி கோடியாகச் சம்பாதிக்கவில்லையா? பிடிக்கவில்லை என்றால் இவனும் திரும்பி வந்துவிடட்டுமே" என்றாய். எனக்கு இடித்தது அதுதான். நான் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவன். துப்பாக்கி பிடித்ததைவிட ஃபைல் பிடித்ததுதான் அதிகம். திரும்பி வந்தவர்களின் ஃபைல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்த மனிதரைப் பற்றி நானும் கொஞ்சம் தெரிந்துவைத்திருக்கிறேன். உன் தம்பி பள்ளிக்கூடம் போன நாட்களில் நம் வீட்டில் டென் ஸ்போர்ட்ஸ் சேனலில் மல்யுத்தம்தானே ஓடும். அவன் ட்ரம்ப் கார்டில் உயரம், எடை எல்லாம் ஒப்பிப்பான், கணக்குதான் வராது. "அப்பா, இதுதான் ஆர்ட்டனோட ஆர்.கே.ஓ. பிடி" என்று தலையணையை அணைத்துக்கொண்டு கட்டிலில் விழுந்து, கட்டில் சட்டத்தை உடைத்தது நினைவிருக்கிறதா?

ஆர்ட்டன் உங்கள் செயின்ட் லூயிஸில் வளர்ந்த பையன்தான். தாத்தா மல்யுத்தக்காரர். அப்பா பாப் ஆர்ட்டனும் அதே தொழில். 1985இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ரெஸில்மேனியா என்ற பெரிய மல்யுத்த விழா முதல் தடவை நடந்தபோது கையில் மாவுக்கட்டோடு ரிங் ஓரத்தில் நின்றவர் அவர். அப்படிப்பட்ட அப்பாவே மகனிடம் இந்தத் தொழில் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். ரிங் வாழ்க்கை என்றால் ரோட்டு வாழ்க்கை, பெண்டாட்டி பிள்ளையை விட்டு ஊர் ஊராகத் திரிய வேண்டும் என்று. அவர் சொன்னதில் பொய் இல்லை. பட்டாளத்துக்காரன் வீட்டில் வளர்ந்த உனக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

பையன் 1998இல் ஹேசல்வுட் சென்ட்ரல் பள்ளியில் படிப்பை முடித்தான். பள்ளி நாட்களில் மல்யுத்தம் ஆடியவன், நல்ல உயரம், உடம்பில் தெம்புக்குக் குறைவில்லை. முடித்த சூட்டோடு மரைனில் சேர்ந்தான். அடுத்த வருஷமே கதை முடிந்துவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் முகாமை விட்டுப் போனது இரண்டு தடவை. மேலதிகாரியின் உத்தரவை மீறியது ஒரு தடவை. ராணுவக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். கலிபோர்னியாவில் கேம்ப் பெண்டில்டன் என்ற பெரிய மரைன் தளம் இருக்கிறது, அங்கே ராணுவச் சிறையில் 38 நாள். வெளியே வரும்போது கையில் கெட்ட நடத்தைக்கான நீக்கம் என்ற சான்று. அப்போது அவனுக்கு வயது 19. உன் மகனைவிட இரண்டே வயதுதான் பெரியவன்.

இதைச் சொல்பவர்கள் இரண்டு கட்சியாகச் சொல்கிறார்கள். ரசிகர்களுக்கு அவர் யாருக்கும் அடங்காத சிங்கம். பழைய மரைன்களுக்கு அவர் படைக்கே அவமானம். எனக்கு இரண்டிலும் ஒட்டுதல் இல்லை. காலை ரோல் காலில் ஒரு தலை குறைந்தால் என்ன நடக்கும் என்று பார்த்தவனுக்குச் சிங்கமும் தெரியாது, அவமானமும் தெரியாது. பயந்துபோன ஒரு பையன்தான் தெரிவான்.

எங்கள் ட்ரெயினிங் சென்டரில் ஓடிப்போனவர்களில் பாதிப் பேர் லீவில் போய்த் திரும்பாதவர்கள். அக்கா கல்யாணம், அறுப்பு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இப்படி ஏதாவது. ஒரு பையன் லீவும் இல்லாமல் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டான். ஊர் போலீசுக்குக் காகிதம் போயிற்று. 30 நாள் தாண்டினால் சட்டப்படி விசாரணை வைத்து, கொடுத்த பூட்ஸ், கம்பளி, பெல்ட் வரைக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியலை டைப் அடித்துக்கொண்டிருக்கும்போதே கேட்டிலிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் அவன் அப்பாவே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். மலைக்குளிருக்கு மேலே ஒரு துண்டு, அவ்வளவுதான். பையன் தலையே தூக்கவில்லை. சுபேதார் கேட்டார், "லீவு வேணும்னா கேட்டிருக்கலாமேடா?" "பயமா இருந்தது சார்." "ஓடிப் போறதுக்குப் பயமா இல்லையா?" அதற்கு அவன் சொன்னான்: "அதுக்கு யாரு மூஞ்சியையும் பார்க்க வேண்டியதில்லையே சார்."

எத்தனையோ ஃபைல் பார்த்தேன், இதைவிடத் தெளிவாக ஒருத்தனும் எழுதிக் கொடுத்ததில்லை. தானாகத் திரும்பி வந்தான் என்பதால் குவார்ட்டர் கார்டு என்கிற காவல் அறையில் சில நாள் அடைத்து, நடத்தை ஷீட்டில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதி, திரும்பவும் ட்ரெயினிங்கில் சேர்த்துக்கொண்டார்கள். போலீஸ் பிடித்துக்கொண்டு வந்திருந்தால் அப்படி முடிந்திருக்காது. இரண்டாவது தடவை ஓடியிருந்தாலும் முடிந்திருக்காது. ஆர்ட்டனுக்கு அந்த இரண்டாவது தடவைதான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். "பிடிக்கவில்லை என்றால் வந்துவிடட்டும்" என்றாயே, வருவதற்கு வழிகள் உண்டு. ஒவ்வொரு வழிக்கும் ஒவ்வொரு காகிதம். உங்கள் நாட்டில் பள்ளியில் இருக்கும்போதே பெயர் கொடுத்து வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதில் சேர்ந்தவன், பயிற்சிக்குக் கிளம்பும் நாளில் மறுபடி உறுதிமொழி எடுக்கிற வரைக்கும், மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம். தண்டனை கிடையாது. ஆள் சேர்க்கிறவர் முகத்தைச் சுளிப்பார், பயமுறுத்தக்கூடச் செய்யலாம், அவ்வளவே. பயிற்சிக்குப் போன ஆரம்ப மாதங்களில், இவனுக்கு இது ஒத்துவரவில்லை என்று மேலிடமே முடிவு செய்து அனுப்பினால், நல்லது கெட்டது என்று எதுவும் எழுதாத ஒரு விடுவிப்பு. அதுவும் பெரிய பாதகமில்லை. ஆனால் வேலி தாண்டிப் போனால் கோர்ட், சிறை, கெட்ட நடத்தைச் சான்று. அதோடு மாஜி ராணுவத்தார் என்ற பெயரில் கிடைக்கும் படிப்புச் செலவு முதலான சலுகைகளும் போய்விடும். உன் மகன் சேருவதற்குச் சொல்லும் காரணமே காலேஜ் ஃபீஸ்தானே?

இதை அவனிடம் மிரட்டலாகச் சொல்லாதே. எத்தனை கதவு இருக்கிறது, எது எங்கே திறக்கும் என்று உட்கார வைத்துச் சொல். கேட்டுப் போகலாம் என்று தெரியாத பையன்தான் சொல்லாமல் போகிறான்.

ஆர்ட்டன் அப்புறம் ஜெயித்தாரே என்பாய். ஜெயித்தார், மறுக்கவில்லை. 2000இல் செயின்ட் லூயிஸ் பக்கத்துச் சின்னச் சின்ன மேடைகளில் ஆரம்பித்தார். அடுத்த வருஷம், இன்று டபிள்யூ.டபிள்யூ.இ. எனப்படும் பெரிய மல்யுத்தக் கம்பெனியில் ஒப்பந்தம். 2004 ஆகஸ்டில் டொரன்டோவில் கிறிஸ் பென்வாவை வீழ்த்தி 24 வயதில் உலகச் சாம்பியன். அந்தக் கம்பெனியில் அவ்வளவு சின்ன வயதில் உலகப் பட்டம் வாங்கியவர் அதுவரை இல்லை. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார். அப்பா பெயர், தாத்தா பெயர், ஆறடிக்கு மேல் உயரம் இவ்வளவும் கையில் இருந்ததால் அந்தத் தொழிலில் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. நம் பையனுக்கு மல்யுத்தப் பரம்பரையா இருக்கிறது? அவன் நாளைக்கு ஒரு வேலைக்கு மனுப் போட்டால், ராணுவத்தில் இருந்தாயா, எப்படி வெளியே வந்தாய் என்று கேட்பார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. உடுப்பைக் கழற்றியதும் ஆர்ட்டன் ஒழுங்காகிவிடவில்லை. 2006இல் நடத்தை சரியில்லை என்று கம்பெனியே 60 நாள் நிறுத்திவைத்தது. 2012இல் மருந்துச் சோதனை விதியை இரண்டாவது தடவை மீறியதற்கு மறுபடி 60 நாள். மரைன்தான் அவரைக் கெடுத்தது, ரிங் வந்து காப்பாற்றியது என்று சிலர் கதை கட்டுவார்கள். தேதிகளைப் பார்த்தால் அந்தக் கதை நிற்கவில்லை. அவருக்குள் இருந்த பிரச்சினை அவர் கூடவேதான் வந்தது. பல வருஷம் கழித்துத்தான் தணிந்தது.

அந்தப் பழைய காகிதமும் அவரை விடவில்லை. 2012இல் கம்பெனியின் சினிமா பிரிவு, மரைன் வீரனைக் கதாநாயகனாக வைத்து வந்த படவரிசையின் மூன்றாம் பாகத்துக்கு இவரைத்தான் அறிவித்தது. முதல் பாகத்தில் ஜான் சீனா நடித்திருந்தார். அறிவிப்பு வந்ததும் மரைன்கள் கொதித்துப் போனார்கள். எங்களை விட்டு ஓடிப்போய்ச் சிறை சென்றவர் எங்கள் உடுப்பைப் போட்டு நடிப்பதா என்று. படக்காரர்கள் அவரை எடுத்துவிட்டு 'தி மிஸ்' என்ற பெயரில் ஆடும் வேறொரு மல்யுத்தக்காரரைப் போட்டார்கள். அதற்குள் 13 வருஷம் ஆகியிருந்தது. பணம், பட்டம், பெயர் எல்லாம் வந்த பிறகும் அந்த ஃபைல் பிரிக்கப்பட்டது பார். எனக்குச் சொன்னால், மரைன்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 19 வயதில் செய்ததை 32 வயது ஆளின் தலையில் கட்டுவதும் கொஞ்சம் கடுமைதான். இரண்டும் உண்மை, என்ன செய்ய?

அவன் சுவரில் அந்தப் போஸ்டர் இருக்கட்டும், கிழிக்கச் சொல்லாதே. மல்யுத்தம் நம் பக்கத்துத் தெருக்கூத்து மாதிரி, துரியோதனன் விழப்போவது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும், ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்து பார்ப்போம். விழுகிற முதுகு மட்டும் நிஜம். முதுகு ஆபரேஷன் செய்துகொண்டு ஒன்றரை வருஷம் வீட்டில் கிடந்து, 2023 நவம்பரில்தான் ஆர்ட்டன் மறுபடி ரிங்குக்கு வந்தார். அந்தப் பிடிவாதத்தை அவன் ரசித்தால் நானும் கூட உட்கார்ந்து ரசிக்கத் தயார். ரோட் டாக் என்று ஒருத்தர் உண்டு, அவரும் மல்யுத்தக் குடும்பத்துப் பிள்ளை, மரைனில் வேலை பார்த்து வளைகுடாப் போருக்கும் போய்வந்தவர். அவர் போஸ்டர் எங்கே கிடைக்கும் என்று பேரனைக் கேள். சும்மா வம்புக்குத்தான்.

சரி, கையெழுத்து. நான் போடாதே என்று சொல்ல மாட்டேன். பட்டாளச் சம்பளத்தில்தான் நீயே படித்தாய், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் உடனே போடாதே. ஒப்பந்தக் காகிதத்தை முழுசாக வாங்கி வீட்டுக்குக் கொண்டு வா. நாலு வருஷம் என்று வாயால் சொல்வார்கள், காகிதத்தில் ரிசர்வோடு, அதாவது கூப்பிட்டால் திரும்பிப் போக வேண்டிய காலத்தோடு, சேர்த்து மொத்தம் எட்டு வருஷக் கடமை என்று இருக்கும், அந்த இடத்தை அவனையே சத்தமாகப் படிக்கச் சொல். இன்ன வேலை தருவோம், இவ்வளவு போனஸ் தருவோம் என்று ஆள் சேர்க்கிறவர் சொன்னதெல்லாம் அதில் எழுதியிருக்கிறதா என்று மாப்பிள்ளையைப் பார்க்கச் சொல். எழுதவில்லை என்றால் அவர் சொல்லவே இல்லை என்று வைத்துக்கொள். உங்கள் மாநிலத்துப் பையன்களை சான் டியாகோவுக்கு அனுப்புவார்கள், 13 வாரம், முதல் சில வாரம் வீட்டோடு பேச்சே இருக்காது, கடிதம்தான். அதைத் தாங்குவானா என்று அவனைக் கேட்பதற்கு முன்னால் நீ தாங்குவாயா என்று பார்த்துக்கொள்.

கடைசியாக, அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும், அதை நானே கேட்கிறேன். "அங்கே போய் ஒரு மாதத்தில் வெறுத்துப் போனால், யாரிடம் போய் எப்படிச் சொல்வாய்?" என்று. ஆள் பெயர் தெரிய வேண்டாம், எந்தப் பதவியில் இருப்பவர் என்று சொன்னால் போதும். பதில் சொல்லிவிட்டான் என்றால் போட்டுக் கொடு. முழித்தான் என்றால் பள்ளி முடிகிற வரைக்கும் காத்திருக்கட்டும். 18 ஆனால் உன் கையெழுத்து தேவையில்லை, அப்போது அவனே போட்டுக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் காலை, எங்களுக்கு ராத்திரி, அந்த நேரத்துக்கு வீடியோ காலில் அவனைப் பிடித்து உட்கார வை. இங்கிலீஷிலேயே பேசட்டும், எனக்குப் புரியும். அம்மா வடாம் காய வைத்திருக்கிறாள், யாராவது வருகிறவர்கள் இருந்தால் சொல், கொடுத்து அனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா