பெட்டி ஏன் திரையோடு நிற்கவில்லை?

அன்பு மகளுக்கு,

நீ கட்டுகிற வெப் பக்கத்தைப் பற்றி நேற்று ராத்திரி போனில் சொன்னது இன்னும் மனசிலேயே இருக்கிறது. "அப்பா, பொசிஷன் ஃபிக்ஸ்டுதான் கொடுத்திருக்கேன். ஆனா ஸ்க்ரோல் பண்ணா பெட்டியும் கூடவே ஓடுது." ஸ்க்ரோல் செய்தாலும் திரையில் அதே இடத்தில் நில் என்று பெட்டிக்குச் சொல்வதுதான் அந்த ஃபிக்ஸ்டு. மூன்று நாள் மல்லுக்கட்டி, அடுக்கு வரிசையைச் சொல்லும் இசட்-இண்டெக்ஸை 9999 வரை ஏற்றிப் பார்த்தேன் என்றாய். அது இதற்கு உதவாது, கண்ணு. எது மேலே, எது கீழே என்பதைத்தான் அது தீர்மானிக்கும். எங்கிருந்து அளப்பது என்பது வேறு கணக்கு.

டாப் 0 என்று எழுதும்போதெல்லாம், எதன் உச்சியிலிருந்து பூஜ்ஜியம் என்று கேட்டுக்கொள். சாதாரணமாக ஃபிக்ஸ்டு வியூபோர்ட்டிலிருந்து, அதாவது பக்கம் தெரியும் ஜன்னலிலிருந்து அளக்கும். ஆனால் அந்தப் பெட்டியைச் சுமக்கும் டிவ்களில், அதாவது அதைச் சுற்றியுள்ள வெளிப்பெட்டிகளில், ஏதாவது ஒன்றுக்கு டிரான்ஸ்ஃபார்ம் (நகர்த்துவது, திருப்புவது), ஃபில்டர் (மங்கலாக்குவது போன்றவை), பெர்ஸ்பெக்டிவ் (முப்பரிமாணத் தோற்றம்) இருந்துவிட்டால், அளவு அந்த டிவிலிருந்து தொடங்கிவிடும். அது ஒரு பிக்சல்கூட நகராமல் இருந்தாலும் இப்படித்தான்.

பக்கம் திறக்கும்போது மெல்ல மேலேறி வருகிற மாதிரி அனிமேஷன் வைத்திருப்பதாகச் சொன்னாயே, என் சந்தேகம் அதன் மேல்தான். கடைசி நிலையிலேயே நிறுத்திவைக்கும் ஃபில்-மோடு ஃபார்வர்ட்ஸ் அதில் இருந்தால் அனிமேஷன் முடிந்த பிறகும் டிரான்ஸ்ஃபார்ம் ஒட்டிக்கொண்டே இருக்கும். பிரவுசரிலேயே இருக்கும் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸைத் திறந்து, பெட்டியிலிருந்து ஒவ்வொரு டிவாக மேலே ஏறு. இறுதி மதிப்புகளைக் காட்டும் கம்ப்யூட்டட் பகுதியில் டிரான்ஸ்ஃபார்ம் "none" (எதுவுமில்லை) என்றிருந்தால் அடுத்ததற்குப் போ. மேட்ரிக்ஸ் 1, 0, 0, 1, 0, 0 என்று காட்டினால் அங்கே நில். எதையும் நகர்த்தாத அந்த ஆறு எண்கள்தான் உன் மூன்று நாளைத் தின்றிருக்கும். ஃபார்வர்ட்ஸை எடுத்துவிடு, அல்லது பெட்டியை, பக்கம் முழுவதையும் தாங்கும் பாடிக்கு நேர் கீழே கொண்டுபோய் வை. அது டயலாக் பெட்டி என்றால் ஷோமோடல் என்ற கட்டளையால் திறந்தால் போதும். பிரவுசரே அதை எல்லா அடுக்குக்கும் மேலே வைத்து, வியூபோர்ட்டிலிருந்து அளந்துகொள்ளும்.

மொபைலில் அடியில் இருக்கும் பட்டன் மறைகிறது என்றாயே, அது திரை உயரம் முழுவதும் என்று சொல்லும் 100விஹெச் செய்கிற வேலை. முகவரிப் பட்டை மடங்கிய நிலையில் உள்ள உயரத்தைத்தான் மொபைல் பிரவுசர்கள் அதற்குக் கணக்கு வைக்கின்றன. 2022லிருந்து பெரிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும், பட்டை விரிந்து மடங்குவதற்கேற்ப மாறும் டிவிஹெச் இருக்கிறது, அதை எழுது.

இன்னொன்று, எனக்கு மனசில் உறுத்துவது. நான் இப்போது எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிக்கிறேன். 720 பிக்சல் உயரமுள்ள ஜன்னல், 400 சதவீத ஜூமில் 180 பிக்சலாகிவிடும். நீ ஒட்டி வைத்திருக்கும் தலைப்பட்டை 80 பிக்சல். மிச்சத்தில் எத்தனை வரி தெரியும்? டேப் அழுத்திக்கொண்டே போனால், எந்த லிங்க்கில் நிற்கிறேன் என்பதே பட்டைக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. வெப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த உதவும் வழிகாட்டியான, 2023ல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 இப்படி மறைக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. அதனால் மீடியா குவெரியில் உயரத்தைப் பார்த்து, ஜன்னல் குட்டையாக இருந்தால் பட்டையை ஸ்டாட்டிக் ஆக்கிவிடு, பக்கத்தோடு சேர்ந்து நகரட்டும். மற்ற நேரத்துக்கு, ஸ்க்ரோல் ஆகும்போது மேலே இடம் விடும் ஸ்க்ரோல்-பேடிங்-டாப்பில் பட்டையின் உயரத்தைக் கொடு. உன் டிசைனர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், 400 சதவீதத்தில் வைத்து ஒரு பத்தி படிக்கச் சொல்.

இன்று அந்த மேட்ரிக்ஸ் எந்த டிவில் கிடைத்தது என்று ராத்திரி கூப்பிட்டுச் சொல். விழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா