காலாண்டு விடுமுறைக்கு ஒரு கதைப்புத்தகம்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தக் காலாண்டு விடுமுறையில் ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் ஒரு கதைப்புத்தகம் வீட்டுக்கு வருகிறது. தீவில் சிக்கியவர்கள், காட்டில் வழி தவறியவர்கள், பனியில் கப்பலைப் பறிகொடுத்தவர்கள் உயிர் பிழைத்து வந்த கதைகள். கேள்வி பதில் எழுத வேண்டாம். படித்தால் போதும்.

இதற்கு ஒரு கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போன மாதம் ஒரு தாய் இப்படிப்பட்ட புத்தகம் ஒன்றை நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "இதப் படிச்சதுலேர்ந்து ராத்திரி லைட்ட அணைக்க விட மாட்டேங்குறான் சார். வேற நல்ல கதையா குடுங்க" என்றார். அவர் கவலை நியாயமானது. மறுநாள் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். பயந்தது உண்மைதான் என்று தலையாட்டினான். போகும்போது கதவருகில் நின்று, "சார், இன்னும் அம்பது பக்கம் இருந்துச்சு. அவன் தப்பிச்சிட்டானா?" என்றான். கதையில் வரும் சிறுவன் வெள்ளத்துக்குத் தப்பி மரத்தில் ஏறியிருந்த இடத்தில் புத்தகம் கைமாறிவிட்டது. நம் பிள்ளையின் மனத்தில் அந்தச் சிறுவன் அன்று வரை மரத்திலேயே உட்கார்ந்திருந்தான். அன்று மதியம் மிச்சத்தை நானே வாசித்துக் காட்டினேன். மறுவாரம் அடுத்த புத்தகம் கேட்டு வந்துவிட்டான்.

என் வேண்டுகோள் இதுதான். பிள்ளை பயந்தால் புத்தகத்தைப் பிடுங்கி வைக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஆபத்து தீரும் இடம் வரை சேர்ந்து படியுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவும் போதும்.

பயத்தை என்ன செய்வது என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இந்தக் கதைகள் அளவுக்குச் சொல்லித் தருவதில்லை. 1704ஆம் ஆண்டு அலெக்சாண்டர் செல்கிர்க் என்ற ஸ்காட்லாந்து மாலுமி, தன் கப்பல் ஓட்டை விழுந்தது, இனி கடல் தாங்காது என்று தலைவனோடு சண்டை போட்டான். பசிபிக் கடலில் ஆளில்லாத தீவு ஒன்றில் அவனை இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். துப்பாக்கி, கொஞ்சம் வெடிமருந்து, கத்தி, பைபிள் என்று கையில் இருந்தவை சில சாமான்களே. தூங்கும்போது எலிகள் வந்து காலைக் கடித்தன. அந்தத் தீவில் பழைய கப்பல்களிலிருந்து தப்பிக் காட்டுப்பூனையாகிப்போன பூனைகள் திரிந்தன. ஆட்டிறைச்சி போட்டு அவற்றைப் பழக்கித் தன்னைச் சுற்றிப் படுக்க வைத்துக்கொண்டான். எலித் தொல்லை ஒழிந்தது. துணி கிழிந்தபோது, தோல் வேலை செய்யும் தகப்பனிடம் சிறுவயதில் பார்த்த தொழில் கைகொடுத்தது. ஆணியை ஊசியாக்கி ஆட்டுத்தோலில் உடுப்புத் தைத்துக்கொண்டான். நான்கு ஆண்டு நான்கு மாதம் கழித்து, 1709இல் வேறொரு கப்பல் வந்தபோது, பேசி எத்தனையோ காலமானதால் அவனுக்குப் பேச்சே சரியாக வரவில்லை. அவனை இறக்கிவிட்ட கப்பல் பின்னால் மூழ்கித்தான் போனது.

இதை ஏழாம் வகுப்பில் சொல்லிவிட்டு, "நீங்கள் தனியாக மாட்டிக்கொண்டால், இப்போது உங்கள் பையில் இருப்பதை வைத்து என்ன செய்வீர்கள்?" என்று எழுதச் சொன்னேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். டிபன் பாக்ஸ் மூடியை வெயிலில் காட்டித் தூரத்தில் போகிறவர்களைக் கூப்பிடுவாளாம். கவராயத்தின் முனையில் மீன் குத்துவாளாம். ஜாமென்ட்ரி பாக்ஸில் மழைத்தண்ணீர் பிடிப்பாளாம். அப்பத்தா கட்டிக்கொடுத்த சீப்புச் சீடையை ஒரு நாளைக்கு நான்கு வீதம் பத்து நாள் வைத்துக்கொள்வாளாம். கடைசியில், "அழுகை வந்தால் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வேலையைப் பார்ப்பேன்" என்று முடித்திருந்தாள். அந்த நோட்டை என் மேசை டிராயரில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

செல்கிர்க் போன்ற மாலுமிகளின் அனுபவங்களை ஒட்டித்தான் 1719இல் டேனியல் டீஃபோ 'ராபின்சன் குரூசோ'வை எழுதினார். அதன் தமிழ்ச் சுருக்கம் நம் அலமாரியிலும் இருக்கிறது. அதில் ஒரு குறை உண்டு, உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரப் புறப்பட்ட பயணத்தில்தான் குரூசோவின் கப்பல் உடைகிறது. தீவுக்காரர்களை அந்தப் புத்தகம் காட்டுமிராண்டிகளாகவே பார்க்கிறது. எட்டாம் வகுப்புக்கு மட்டும், அதுவும் இதை வகுப்பில் பேசிய பிறகே, கொடுக்கிறோம்.

அண்மையில் நடந்த ஒன்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். 2023 மே முதல் தேதி கொலம்பியா நாட்டு அமேசான் காட்டில் ஒரு சிறு விமானம் விழுந்தது. பெரியவர்கள் மூவரும் இறந்துபோக, 13 வயதுச் சிறுமியும் அவளுக்கு இளைய மூன்று பிள்ளைகளும் மிஞ்சினார்கள். கடைக்குட்டி, ஒரு வயது நிரம்பாத கைக்குழந்தை. 40 நாள் கழித்து நால்வரையும் உயிரோடு மீட்டார்கள். விமானத்தில் இருந்த மரவள்ளிக்கிழங்கு மாவையும், அது தீர்ந்தபின் காட்டுப் பழங்களையும் அந்தச் சிறுமி தம்பி தங்கைகளுக்குக் கொடுத்திருக்கிறாள். எந்தப் பழத்தைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்பது வீட்டுப் பெரியவர்களிடம் கற்றது.

நம் பக்கத்துப் பொட்டலில் சூரைப்பழமும் காரைப்பழமும் இலந்தையும் இன்னும் பழுக்கின்றன. அரளியும் ஊமத்தையும் குன்றிமணியும் அதே வேலியோரம்தான் இருக்கின்றன. எத்தனை பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியும்? விடுமுறையில் ஒரு நாள் தாத்தாவோ அப்பத்தாவோ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடந்து காட்டினால், அந்த நடையும் இந்தப் படிப்பில் சேர்ந்ததுதான்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பழைய சாகசக் கதைகள் சிலவற்றில் பாம்பு கடித்த இடத்தைக் கத்தியால் கீறி வாயால் உறிஞ்சுவார்கள். அது தவறு, ஆபத்தும்கூட. கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, இறுக்கிக் கயிறு கட்டக்கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் படமும் நம் வராந்தாவில் ஒட்டியிருக்கிறது. அடுத்தது தண்ணீர். மழை பெய்து ஊருணியும் கண்மாயும் நிறையும் காலம் இது. மண் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. கதை படித்த வேகத்தில் யாரும் இறங்கக்கூடாது. ஒருவன் தத்தளித்தால் பின்னால் குதிக்காமல் கத்தி ஆளைக் கூப்பிட வேண்டும், கம்போ துண்டோ நீட்ட வேண்டும் என்று வகுப்பில் செய்து காட்டியிருக்கிறோம். வீட்டிலும் ஒருமுறை சொல்லுங்கள்.

உயிர் பிழைத்த கதை வெள்ளைக்காரர்களுக்கு மட்டும் உரியது என்று பிள்ளைகள் நினைத்துவிடக்கூடாது. செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத்தூண் ஒவ்வொன்றும் பர்மாவை, இன்றைய மியான்மரைச் சொல்லும். கடையில் பெட்டியருகே இருந்து தொழில் பழகும் பெட்டியடிப் பையன்களாகப் பதின்வயதில் கப்பலேறியவர்கள், கணக்குப்பிள்ளைகள், சமையல்காரர்கள், கூலிக்குப் போனவர்கள் எல்லாரும் இந்த ஊர்களிலிருந்து போனவர்கள். இரண்டாம் உலகப் போரில், 1941 டிசம்பர் 23 அன்று பர்மாவின் தலைநகர் ரங்கூனில் குண்டு விழுந்தது. அடுத்த மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. கப்பல் கிடைக்காத லட்சக்கணக்கானோர் மலையும் காடும் தாண்டி மணிப்பூருக்கும் அசாமுக்கும் நடந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். அப்படி நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் உங்களில் இருப்பீர்கள். அவர்கள் எதைத் தின்றார்கள், எதைத் தூக்கி வந்தார்கள், எதை வழியில் போட்டுவிட்டு வந்தார்கள் என்று ஐயா சொல்லிக் கேட்டது எதுவாக இருந்தாலும் எங்களுக்கு வேண்டும். பரணில், டிரங்குப் பெட்டியில் பழைய கடிதம் கிடந்தால் அதன் நகல் போதும்.

தமிழில் இதற்கெல்லாம் புத்தகம் ஏது என்று ஒரு தந்தை கேட்டார். பிள்ளைகளுக்காகச் சாகசக் கதைகளை எழுதிக் குவித்த வாண்டுமாமா நம்மை ஒட்டிய அரிமளத்தில் பிறந்தவர். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா இராயவரத்துக்காரர். கோட்டையூர் ரோஜா முத்தையா வீட்டில் சேர்த்துவைத்த புத்தகங்கள்தான் இன்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. உங்களில் பலர் சிறுவயதில் முத்து காமிக்ஸை ஒளித்துவைத்துப் படித்தவர்கள். வீட்டில் இன்னும் இருந்தால், இந்த முறை ஒளிக்காமல் பிள்ளை கையில் கொடுங்கள்.

புத்தகம் திரும்பி வரும்போது ஓரம் மடங்கியிருந்தாலோ சோற்றுக்கறை பட்டிருந்தாலோ பிள்ளையைத் திட்ட வேண்டாம், நாங்களும் திட்ட மாட்டோம். தாள் கிழிந்தால் கோந்து வைத்து ஒட்டிக் கொடுத்தால் போதும். பர்மாக் கதை சொல்ல வரும் பெரியவர்களுக்காக, பள்ளி திறந்த முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டிருப்போம். படியேற முடியாதவர்கள் முன்கூட்டிச் சொன்னால் ஆட்டோ அனுப்புகிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்