சபாநாயகர் கையொப்பம் இடுமுன்

ஆசிரியருக்கு வணக்கம்.

இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்கிவிட்டு அதற்குப் பதிலாக இன்னொரு சட்டம் கொண்டுவருவது பற்றிப் பேசாதவர்கள் இல்லை. அதில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது என்று பலரும் சொல்கிறார்கள். சரி, சொல்லட்டும். என் கவலை அது எந்த வழியாகச் சட்டமாகப் போகிறது என்பதில்தான். அந்த வழியின் கடைசிப் படலையில் நிற்பவர் சபாநாயகர்.

நான் மட்டக்களப்பு மாவட்டத்துப் பிரதேச சபையொன்றில் கூட்டறிக்கை எழுதி ஓய்வுபெற்றவள். தெருவிளக்குப் போடும் தீர்மானத்தில் ஒரு சொல் மாறினாலும் அதைச் சபையில் வாசிக்க வேண்டும், ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். ஒருமுறை, ஒரு வட்டாரத்தின் பெயரை வெட்டி இன்னொன்றைப் பேனாவால் எழுதிய தாள் தவிசாளரிடம் கையொப்பத்துக்கு வந்தது. “இது சபையில வாசிச்சதா பிள்ளை?” என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். தாளைத் தள்ளி வைத்து அடுத்த கூட்டத்துக்குப் போட்டுவிட்டார். கொண்டுவந்தவர் அவருடைய கட்சிக்காரர்தான்.

நாட்டின் பெரிய சபையான பாராளுமன்றத்தில் 2024 ஜனவரி 24ஆம் திகதி, இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 108க்கு 62 என்ற வாக்குகளில் நிறைவேறியது. சாதாரண பெரும்பான்மையால் நிறைவேற்றுவதானால் பல வாசகங்களைத் திருத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் முன்பே சொல்லியிருந்தது. அந்தத் திருத்தங்கள் எல்லாம் சேர்க்கப்படவில்லை என்று எதிர்க்கட்சிகள் சுட்டிக்காட்டின. ஆனாலும் அன்றைய சபாநாயகர் மகிந்த யாப்பா அபேவர்தன பெப்ரவரி 1ஆம் திகதி, சட்டமூலம் முறையாக நிறைவேறியது என்று உறுதிசெய்யும் சான்றுரையை எழுதிக் கையொப்பமிட்டார். மார்ச்சில் அவர்மீது வந்த நம்பிக்கையில்லாப் பிரேரணை 117க்கு 75 என்று தோற்றது. அத்தோடு கதை முடிந்தது. ஏனென்றால் நம் அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரைப்படி, சபாநாயகர் சான்றுரை எழுதிய சட்டம் செல்லுமா செல்லாதா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. சட்டமூலமாக இருக்கும்போது உயர் நீதிமன்றம் போகக் கிடைக்கும் குறுகிய அவகாசம் போனால் போனதுதான். சட்டமூலத்தை வாசகம் வாசகமாகச் சபை பரிசீலிக்கும் குழுநிலையில் கடைசி நேரத்தில் நுழைக்கப்படும் திருத்தத்துக்கோ அந்த அவகாசமும் இல்லை.

பயங்கரவாதத் தடைச் சட்டமும் 1979இல் தற்காலிக ஏற்பாடு என்று சொல்லித்தான் வந்தது. 2021 மே மாதம் எங்கள் மாவட்டத்துக் கிரான் கடற்கரையில் போரில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் செய்த பத்துப் பேர் அதன் கீழ்தான் கைதானார்கள். அவர்கள் பிணையில் வெளியே வர டிசம்பர் ஆகிவிட்டது. அவசர அவசரமாகச் செய்யும் சட்டம் எத்தனை வருடம் தலையில் இருக்கும் என்பதை எங்கள் ஊர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சபாநாயகரால் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்கள் 2018ஐ நினைத்துப் பார்க்கட்டும். ஜனாதிபதி திடீரென்று மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக நியமித்தபோது, பெரும்பான்மையைச் சபையில் காட்டும்வரை புதிய பிரதமரை ஏற்க மாட்டேன் என்று அன்றைய சபாநாயகர் கரு ஜயசூரிய வெளிப்படையாகவே சொன்னார். நவம்பர் 16ஆம் திகதி புதிய பிரதமரின் பக்கத்து உறுப்பினர்கள் அவருடைய ஆசனத்தை மறித்து உட்கார்ந்தார்கள். மிளகாய்த்தூள் வீசப்பட்டது, கதிரைகள் பறந்தன. பொலிசார் சூழ நின்று அவர் வாக்கெடுப்பை நடத்தி முடித்தார். அந்த நாட்களில் எங்கள் மாவட்டத்துத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு உறுப்பினர் ஒருவர் பக்கம் மாறிப் பிரதி அமைச்சரானதையும் நான் மறக்கவில்லை. அரச நிறுவனங்களின் கணக்குகளை ஆராயும் பாராளுமன்றக் குழுவான கோப் குழுவின் விசாரணைகளை ஊடகங்களுக்குத் திறந்துவிட்டதும் கரு ஜயசூரிய காலத்தில்தான்.

அப்புறம் வெளிநாட்டு ஒப்பந்தங்கள். 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் வந்தபோது கையெழுத்தான புரிந்துணர்வு ஒப்பந்தங்களில் ஒன்று நேரே கிழக்கு மாகாணத்துக்கானது. ஏறத்தாழ 240 கோடி ரூபாய் உதவி. நல்லது, வரட்டும், எங்களுக்குத் தேவைதான். இன்னொன்று பாதுகாப்பு பற்றியது. கையெழுத்தாகும் முன் இவற்றின் வாசகம் உறுப்பினர்கள் பார்க்கச் சபாபீடத்தில் வைக்கப்படவில்லை. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தை ஒட்டி வடக்கோடு இணைக்கப்பட்டு, 2006இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் பிரிக்கப்பட்ட மாகாணம் எங்களது. இரண்டு தடவையும் எங்களை யாரும் கேட்கவில்லை. எங்கள் பெயரில் எழுதப்படும் ஒப்பந்தத்தை நாங்கள் தெரிவு செய்தவர்களாவது வாசித்துப் பார்க்க வேண்டாமா?

மட்டக்களப்பின் ஐந்து உறுப்பினர்களும் திகாமடுல்லவின் (அம்பாறை மாவட்டத்தின்) ஏழு பேரும் கட்சி பாராமல் ஒரு கோரிக்கையைச் சபாநாயகர் ஜகத் விக்கிரமரத்னவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். புதிய சட்டமூலத்துக்கான ஒவ்வொரு குழுநிலைத் திருத்தமும், அது உயர் நீதிமன்றம் சொன்ன எந்த வாசகத்துக்கானது என்ற குறிப்போடு, வாக்கெடுப்புக்கு முந்திய நாளே மூன்று மொழிகளிலும் உறுப்பினர் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சான்றுரையில் கையொப்பமிட மாட்டேன் என்று அவர் இப்போதே சபையில் அறிவிக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பிரதேச சபை உத்தியோகத்தர்,
களுவாஞ்சிகுடி.